பேசும் பெட்டிக்கு முதலில் கேட்கக் கற்றுக்கொடு

அன்புள்ள தம்பிக்கு,

இன்டெலிவிஷன் கன்சோலுக்கு நீ எழுதிவரும் எமுலேட்டரில் படம் ஓடுகிறது, இசை வருகிறது, இனி இன்டெலிவாய்ஸ் என்ற பேசும் பெட்டி மட்டும் பாக்கி என்று எழுதியிருந்தாய். அந்தப் பாக்கி சின்னது இல்லை. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பலரும் குரலைக் கேட்கிற ஆவலில் ஒலி வெளியீட்டுக் கோடைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். நீ அங்கே தொடங்காதே. ஒலி கடைசியில் வரட்டும். கேம் கேட்கிற கேள்விக்கு அந்தப் பெட்டி என்ன பதில் சொல்கிறது, எப்போது சொல்கிறது என்பதை முதலில் எழுது.

மேட்டல் நிறுவனம் 1982ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டி அது. கன்சோலின் கார்ட்ரிட்ஜ் வாயில் பெட்டியைச் செருக வேண்டும். கார்ட்ரிட்ஜைப் பெட்டியில் செருக வேண்டும். உள்ளே ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் தயாரித்த எஸ்பி0256-012 என்ற பேச்சு சிப்பும் அதற்குத் துணையாக எஸ்பிபி640 என்ற இன்னொரு சிப்பும் இருந்தன. ஸ்பேஸ் ஸ்பார்ட்டன்ஸ், பி-17 பாம்பர், பாம் ஸ்குவாட் மூன்றும் 1982ல் வந்தன. ட்ரான் சோலார் செய்லர் 1983ல் வந்தது. கீபோர்டு இணைப்போடு ஆட வேண்டிய ஒரு பேஸ்பால் கேமும் இந்தப் பெட்டியைப் பயன்படுத்திக்கொண்டது. மேட்டல் வெளியிட்ட பட்டியல் அவ்வளவுதான். இத்தனை குறைவான கேம்களுக்காக இவ்வளவு பாடா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே. பாம் ஸ்குவாடை ஒருமுறை ஆடிப் பார்க்கச் சொல். குண்டைச் செயலிழக்கச் செய்ய வழி சொல்வதே அதில் வருகிற குரல்கள்தான். குரல் இல்லாவிட்டால் அங்கே பாதி கேம் இல்லை.

பேச்சை அப்படியே பதிவுசெய்து கார்ட்ரிட்ஜில் வைக்க அந்தக் காலத்தில் ஏன் முடியவில்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும். நொடிக்கு 10,000 சாம்பிள், சாம்பிளுக்கு 8 பிட் என்றால் ஒரு நொடிப் பேச்சுக்கு 80,000 பிட் வேண்டும். எஸ்பி0256க்குள் இருக்கும் ரோம் முழுவதும் 2 கிலோபைட், அதாவது 16,384 பிட். பதிவுசெய்த ஒலியாக வைத்தால் அதில் நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சேரும். ஒரு சொல்லைச் சொல்லி முடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும். ஆனால் அதே இடத்தில் எண்களின் பெயர்களையும் கம்பெனியின் பெயரையும் இன்னும் சில சொற்களையும் அவர்கள் அடக்கினார்கள். எப்படி? ஒலியை வைக்கவில்லை; வாயும் தொண்டையும் எந்த நிலையில் இருந்தால் அந்த ஒலி வரும் என்பதை வைத்தார்கள்.

சிப்புக்குள் நடப்பது இதுதான். குரல்வளைக்குப் பதிலாக ஒரு துடிப்பு மூலம் இருக்கிறது. 'ஆ', 'ஈ' போன்ற ஒலிகளுக்கு அது குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு துடிப்பாக விடும். 'ஸ்' போன்ற காற்றொலிகளுக்குத் துடிப்பு நின்று 15 பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஒன்று இரைச்சலைக் கொட்டும். எது வந்தாலும் அடுத்தடுத்து நிற்கிற ஆறு ஃபில்டர்கள் வழியாகப் போக வேண்டும். ஒவ்வொரு ஃபில்டருக்கும் இரண்டு எண்கள், மொத்தம் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டை மாற்றினால் வாயின் வடிவம் மாறுகிறது. ஒலியளவு, துடிப்பின் இடைவெளி, இந்தப் பன்னிரண்டு எண்கள், இத்தனை தடவை திருப்பிச் செய் என்கிற கட்டளை: எஸ்பி0256க்குத் தெரிந்த பேச்சு இவ்வளவுதான்.

இதிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978ல் கொண்டுவந்த ஸ்பீக் அண்ட் ஸ்பெல் பொம்மையின் வழிவந்த சிப்களைப் பற்றி நீ படித்திருப்பாய். ஆவணங்கள் நிறையக் கிடைப்பதால் எல்லாரும் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். அவற்றில் ஒன்றான டிஎம்எஸ்5220 சிப்பில் பேச்சு 25 மில்லிநொடித் துண்டுகளாக, 8,000 சாம்பிள் கணக்கில் துண்டுக்கு 200 சாம்பிளாக, ஒரே சீராக நகரும். எஸ்பி0256ல் அந்தச் சீர் கிடையாது. இங்கே நேரத்தை அளப்பது துடிப்பின் இடைவெளிதான். பத்து தடவை திருப்பு என்றால் பத்துத் துடிப்புகள் முடியும்வரை என்று பொருள். கீழ்க்குரலில் பத்துத் துடிப்பு அதிக நேரம் எடுக்கும், மேல்குரலில் குறைவாக எடுக்கும். இரைச்சல் ஒலியில் துடிப்பே இல்லாததால் 64 சாம்பிளை ஒரு சுற்றாக வைத்துக்கொள்கிறது. இதைக் கவனிக்காமல் மற்ற சிப்பின் பழக்கத்தில் நிலையான துண்டுகளாக எழுதினால் ஒவ்வொரு சொல்லும் கொஞ்சம் நீண்டோ குறுகியோ வரும். கேட்கிறவருக்கு எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ இடிக்கும்.

இனி பெட்டியின் காதுகளுக்கு வருவோம். கன்சோலின் சிபியூவான சிபி1610க்குத் தெரியும்படி இன்டெலிவாய்ஸ் இரண்டே முகவரிகளை வைத்திருக்கிறது. பதினாறடிமானத்தில் 0080, 0081. முதல் முகவரியில் ஒரு எண்ணை எழுதினால் சிப் தன் ரோமில் அந்த எண்ணுக்குரிய இடத்துக்குப் போய்ப் பேசத் தொடங்கும். அதே முகவரியைப் படித்தால், அடுத்த கட்டளையை வாங்கத் தயாரா என்பது 15ஆம் பிட்டில் தெரியும். அந்தப் பிட்டுக்கு எல்ஆர்க்யூ என்று பெயர். புதிதாக எழுதுகிறவர்கள் பலர் வழுக்கும் இடம் இது. பேசி முடித்தாயிற்றா என்று சொல்கிற பிட்டாக அதை எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். உண்மையில் சிப்பின் வாசலில் ஒரே ஒரு கட்டளை காத்திருக்க இடமுண்டு. அந்த இடம் காலியா என்பதை மட்டும்தான் எல்ஆர்க்யூ சொல்கிறது. சும்மா இருக்கிற சிப்புக்கு ஒரு சொல்லைக் கொடுத்தால், அதை எடுத்துக்கொண்டு உள்ளே போன மறுகணமே வாசல் காலி. பேச்சு அப்போதுதான் தொடங்கியிருக்கும். கேம் உடனே அடுத்த சொல்லைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். முதல் சொல் முடிந்ததும் சிப் இரண்டாவதைத் தானே எடுத்துக்கொள்ளும். பேச்சு முடிந்து அமைதியாக இருப்பதைச் சொல்ல சிப்பில் வேறொரு கால் உண்டு. இன்டெலிவாய்ஸ் அதைக் கேமுக்குக் காட்டுவதில்லை. ஆக, பேசி முடிக்கும்வரை 'தயாரில்லை' என்றே உன் கோடு சொல்லிக்கொண்டிருந்தால் சொற்களுக்கு நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். பதிலுக்காகக் காத்து நிற்கிற கேமாக இருந்தால் ஆட்டமும் சேர்ந்து திக்கும். எப்போதுமே 'தயார்' என்று சொன்னால் சொற்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும். இரண்டு தவறையும் ஒலிப் பகுதியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

இரண்டாவது முகவரி இன்னும் சுவாரசியமானது. சிப்பின் உள் ரோமில் இல்லாத சொற்களைக் கார்ட்ரிட்ஜே கொண்டுவர அது வழிசெய்கிறது. எஸ்பிபி640க்குள் 64 இடங்கள் உள்ள ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வோர் இடமும் 10 பிட். 640 பிட் ஆயிற்று, பெயரிலும் அதே எண். இன்டெலிவிஷனின் மேட்டல் கார்ட்ரிட்ஜ்களே 10 பிட் அகல ரோம்களில் வந்தவை என்பதால் இது பொருத்தமாக அமைந்தது. கேம் இந்த வரிசையின் ஒரு முனையில் எண்களைப் போட, பேச்சு சிப் மறுமுனையில் பிட் பிட்டாக உறிஞ்சிக்கொள்ளும். 0081ஐப் படித்தால் வரிசை நிரம்பிவிட்டதா என்று 15ஆம் பிட் சொல்லும். எழுதும்போது 10ஆம் பிட்டை ஏற்றிவிட்டால் பேச்சு சிப்பும் வரிசையும் அப்படியே ரீசெட் ஆகும். பிட்கள் கடைநிலையிலிருந்து தொடங்கி வெளியே போகின்றன என்பதையும் குறித்துவைத்துக்கொள். தலைகீழாகப் போட்டால் வருவது பேச்சாக இருக்காது, பெருங்கூச்சலாக இருக்கும். ஒரு வகையில் அது நல்ல தவறு, உடனே தெரிந்துவிடும்.

வாயின் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இந்த வரிசை தப்பான வேகத்தில் காலியானால் பயனில்லை. கேம் பேச்சு சிப்பை விடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. வரிசை நிரம்பியதும் நின்று, இடம் வந்ததும் ஊட்டி, நடுவில் விண்கலங்களையும் நகர்த்த வேண்டும். சிபியூ நொடிக்கு ஏறத்தாழ 8,94,886 சுற்று. பேச்சு சிப்பின் கடிகாரத்தை வழக்கமான 3.12 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால், அதை 312ஆல் வகுக்க நொடிக்கு 10,000 சாம்பிள். ஒரு சாம்பிளுக்கு 89.49 சிபியூ சுற்று வருகிறது. அந்தப் பின்னத்தைத் தூக்கி எறிந்துவிட்டு 89 என்று எழுதினால் பேச்சு அரை சதவீதத்துக்கு மேல் வேகமாகும். ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு நொடி விலகிவிடும். மிச்சத்தைச் சேர்த்துவைத்து அடுத்த சாம்பிளில் கழிக்க இரண்டு வரி கோடு போதும்.

ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் பேச்சு சிப்பை ஓட்டுவது இன்னொரு சோம்பேறித்தனம். ஒரு ஃபிரேமில் சுமார் 14,934 சிபியூ சுற்று, 167 சாம்பிள். அதற்குள் கேம் எத்தனை தடவை கேட்டாலும் பழைய பதிலே கிடைக்கும். இதற்காக ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிப்பையும் மாறி மாறி ஓட்டவும் தேவையில்லை. சிபியூ 0080ஐயோ 0081ஐயோ தொடும்போது மட்டும் பேச்சு சிப்பை அந்தக் கணம்வரை ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, பிறகு பதில் சொல். இந்த ஒழுங்கை இப்போதே போட்டுவிட்டால் நாளைக்கு வேறு எந்தத் துணைப்பெட்டி வந்தாலும் அதே சட்டத்தில் உட்காரும்.

இதெல்லாம் எதற்கு, சொற்களை வேவ் ஃபைல்களாகப் பதிவுசெய்து தேவைப்படும்போது ஒலிக்கவிட்டால் என்ன என்று உனக்கும் தோன்றியிருக்கும். தோன்றுவதில் தப்பில்லை, பெரியவர்களே செய்திருக்கிறார்கள். மேக்னவாக்ஸ் ஓடிசி 2க்கு 1982ல் வந்த 'தி வாய்ஸ்' என்ற பெட்டியிலும் இதே குடும்பத்துச் சிப்தான், எஸ்பி0256பி-019. அந்தக் கன்சோலின் எமுலேட்டரான ஓ2இஎம் அதன் பேச்சைப் பதிவுகளை வைத்துத்தான் ஒப்பேற்றியது. அங்கே கேம் ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரு சொல் வரும் என்பதால் பெரும்பாலும் சமாளிக்க முடிந்தது. ஆர்கேடிலும் அதே கதை. கோர்ஃப், விசார்ட் ஆஃப் வோர் இரண்டிலும் பேசியது வோட்ராக்ஸ் எஸ்சி-01. மேம் எமுலேட்டரில் அவற்றின் குரல் நெடுங்காலம் பதிவுகளாகவே இருந்தது. பிறகுதான் சிப்பைத் திறந்து, உள்ளிருக்கும் சுற்றைப் படமெடுத்துப் படித்து, முறையான எமுலேஷன் எழுதினார்கள். கியூபர்ட் கேமும் அதே வோட்ராக்ஸில் பேசியதுதான். அதில் சிப்புக்கு ஒலித்துண்டுகளைக் கண்டபடி அனுப்பிப் புரியாத உளறலை வரவழைத்தார்கள். உளறலைச் சொல் சொல்லாகப் பதிவுசெய்துவைக்க முடியுமா?

இன்டெலிவாய்ஸில் அந்தக் குறுக்குவழி அறவே ஓடாது. சொற்கள் கார்ட்ரிட்ஜிலிருந்து 10 பிட் எண்களாக வருகின்றன. ஒவ்வொரு கேமும் தன் குரலைத் தானே கொண்டுவருகிறது. ஸ்பேஸ் ஸ்பார்ட்டன்ஸில் ஆண் குரலும் பெண் குரலும் உண்டு. போதாததற்கு இன்றைக்கும் புதுக் கேம்கள் எழுதுகிறார்கள். இன்டிபேசிக் என்ற மொழியில் பேச்சுக்கென்றே கட்டளைகள் உள்ளன. எஸ்பி0256-ஏஎல்2 என்ற உடன்பிறப்புச் சிப்பில் 59 ஒலித்துண்டுகளும் 5 இடைவெளிகளுமாக 64 பதிவுகள் இருக்கும். அவற்றை இன்டெலிவாய்ஸின் வரிசை வழியாக ஊட்டி எந்தச் சொல்லையும் சொல்லவைக்கலாம். நாளை மறுநாள் யாரோ எழுதப்போகிற சொல்லை இன்று நீ எப்படிப் பதிவுசெய்வாய்?

எண் கணிதத்தில் கை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். நீ படித்த சிக்னல் பாடத்தின்படி ஃபில்டரைத் தசம எண்களில் எழுதத் தோன்றும். எழுதாதே. அந்தப் பன்னிரண்டு எண்களில் ஒவ்வொன்றும் ஒரு குறி பிட்டும் 7 பிட் வரிசை எண்ணும்தான். அந்த 7 பிட் 128 மதிப்புள்ள ஓர் அட்டவணையில் போய் விழுகிறது. அட்டவணை 0, 9, 17, 25 என்று எட்டெட்டாகத் தாண்டித் தொடங்கி, மேலே போகப் போக நெருங்கி, கடைசியில் ஒன்றொன்றாக நகர்ந்து 511ல் முடிகிறது. காரணம் உண்டு. மதிப்பு உச்சத்தை நெருங்கும்போதுதான் ஃபில்டரின் அதிர்வு கூர்மையாகிறது. அங்கே ஒரு படி பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும். கீழே எட்டுப் படி பிசகினாலும் யாருக்கும் தெரியாது. இருக்கிற 128 இடங்களை எங்கே நெருக்கமாகச் செலவழிப்பது என்று அன்றைய பொறியாளர்கள் யோசித்துப் போட்ட பட்டியல் அது. ஒலியளவுக்கும் அதே சிக்கனம்தான்: 8 பிட்டில் 3 பிட் அடுக்கு, 5 பிட் மதிப்பு. பெருக்கியதை முழு எண்ணாக வெட்டுவதும் குரலின் ஒரு பகுதி. லேசான கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. அதைத் துடைத்து வழவழப்பாக்கினால் அது வேறொரு பெட்டியின் குரல்.

மேம்படுத்துகிற ஆசை வரும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அசலை விடத் தெளிவான ஒலி வேண்டுமென்று பயனாளர்கள் கேட்பார்கள். கொடு, தப்பில்லை, ஆனால் தனியே ஒரு விருப்பமாகக் கொடு, சாதாரண நிலையில் அது அணைந்தே இருக்கட்டும். எஸ்பி0256ன் வெளியீடு ஒற்றைக் காலில் வருகிற துடிப்பகல வெளியீடு. மேலே ஏறிய இரைச்சலை வடிகட்ட வெளியே மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட ஃபில்டர் இருந்தது. 10,000 சாம்பிளில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பேச்சு எதுவும் இருக்க முடியாது. இன்றைய 48,000 சாம்பிள் வெளியீட்டுக்கு மாற்றும்போது ஒவ்வொரு சாம்பிளையும் வெறுமே திருப்பித் திருப்பிப் போட்டால் அந்த எல்லைக்கு மேலே இல்லாத சீறல் முளைக்கும். அதை அசலின் கரகரப்பு என்று நினைத்து ரசிக்கிறவர்களும் உண்டு. இதை எழுதுகிறவருக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒலியின் அளவு எவ்வளவு? சரியான விடை என்று ஒன்று கிடையாது. இன்டெலிவாய்ஸின் பெட்டியிலேயே ஒலியளவுத் திருகு இருந்தது. ஓடிசியின் 'தி வாய்ஸ்' தன் சொந்த ஸ்பீக்கரில் பேசியது. டிவி ஒரு பக்கம் சத்தம் போட, கன்சோலின் மேலிருந்து குரல் வந்தது. எனவே இசைக்கும் பேச்சுக்கும் உள்ள விகிதத்தை ஆடுகிறவர் கையில் ஒரு ஸ்லைடராகக் கொடுத்துவிடு. அன்றைக்கும் அது அவர் கையில்தான் இருந்தது.

படிக்க எங்கே போவது என்று கேட்டிருந்தாய். ஜேஇசட்இன்டிவி என்ற இன்டெலிவிஷன் எமுலேட்டரின் மூலக்கோடு திறந்து கிடக்கிறது. மேமில் உள்ள எஸ்பி0256 பகுதியும் அங்கிருந்து வந்ததுதான். படி, ஆனால் நகலெடுத்து ஒட்டாதே. உரிம விதிகள் ஒரு காரணம். நகலெடுத்த கோடில் அவர்கள் அளந்து எழுதியது எது, தெரியாமல் ஊகித்தது எது என்பது உனக்குத் தெரியாமலே போய்விடும் என்பது அதை விடப் பெரிய காரணம். ஒரு பகுதியைப் படித்து மூடிவைத்துவிட்டு, விளங்கியதை உன் வார்த்தையில் எழுதிப் பார். பிறகு அதே பிட்களை இரண்டு கோடுக்கும் ஊட்டி, வரும் எண்களைச் சாம்பிள் சாம்பிளாக ஒப்பிடு. பிரிகிற முதல் சாம்பிளில் நின்று, யார் சரி என்று பார். எப்போதும் அவர்களே சரியாக இருக்க வேண்டும் என்றில்லை.

அசல் பெட்டியோடு ஒப்பிடுவதற்கு ஈடு வேறில்லை. ஊட்டுவது நின்று வரிசை நடுச்சொல்லில் வற்றிவிட்டால் என்ன ஆகும்? ரீசெட் பிட்டைப் பேச்சின் நடுவில் ஏற்றினால் ஒலி உடனே அறுகிறதா, ஃபில்டரில் மிச்சம் இருந்தது கொஞ்சம் முழங்குகிறதா? இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தரவுத்தாளில் விடை தேடுவதை விட, பத்து வரி சோதனை ரோம் எழுதி உண்மைப் பெட்டியில் ஓட்டிப் பதிவுசெய்வது வேகமான வழி. உன்னிடம் பெட்டி இல்லையென்றால் வைத்திருப்பவரிடம் ரோமைக் கொடுத்துப் பதிவு வாங்கு. தனிச் சிப்பாக ஏஎல்2வை வாங்கிச் சோதிக்க நினைத்தால் விற்கிறவரைப் பற்றி முதலில் விசாரி. உற்பத்தி எப்போதோ நின்ற சிப் அது; பெயரை மட்டும் அச்சடித்த போலிகள் உலவுகின்றன.

சோதனைக்கு வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஒலியே இல்லாமல், எல்ஆர்க்யூவும் வரிசை நிரம்பிய பிட்டும் எந்தச் சுற்றில் மாறின என்று ஒரு பதிவேட்டில் எழுதவிட்டு, ஸ்பேஸ் ஸ்பார்ட்டன்ஸை ஓட்டு. பேச்சு கேட்காவிட்டாலும் கேம் தடங்கலின்றி நடக்க வேண்டும். அடுத்து உள் ரோமில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லவிடு. அதற்குப் பிறகுதான் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் பேச்சு. பாம் ஸ்குவாடைக் கடைசிக்கு வை. அதில்தான் பேச்சும் ஆட்டமும் ஒன்றையொன்று நம்பி நடக்கின்றன.

கோடை வெளியிடும்போது கூடவே ஒரு குறிப்பும் வை. எது அசல் பெட்டியில் அளந்தது, எது பிறர் கோடிலிருந்து அறிந்தது, எது உன் ஊகம் என்று மூன்றையும் பிரித்து எழுது. உனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் அப்படி எழுதிவைக்கவில்லை. அதனால் வீணாகிற உழைப்பை நீயே இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாய். ரோம் ஃபைல்களைச் சேர்த்து வெளியிடாதே, அவை உன்னுடையவை அல்ல. அடுத்த கடிதத்தோடு எல்ஆர்க்யூ பதிவேட்டை அனுப்பு. ஒலிப்பதிவு அதற்கடுத்த கடிதத்தில் வந்தால் போதும்.

அன்புடன்,
உன் அண்ணன்